மருந்து சேர்க்காத ஜெல்லிலிருந்து தொடங்குங்கள்

பெண்கள் யோனியில் போட்டுக்கொள்ளும் எச்.ஐ.வி. தடுப்பு ஜெல்லை எம்.பார்ம். (மருந்தாக்கவியல் முதுகலை) ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மருந்தைச் சேர்க்கலாம்?" என்றுதான். மருந்து பிறகு வரட்டும். மருந்தே இல்லாத ஜெல்லைச் செய்து காட்டுங்கள்.

தண்ணீரைச் சுழலவிட்டு, ஜெல்லைக் கெட்டியாக்கும் ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ் தூளைக் கோலமாவு போல விரலிடுக்கில் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ராகிக் கூழ் போலக் கட்டி தட்டிவிடும்; வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த மாவு. முதலில் கொஞ்சம் கிளிசரினில் நனைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் நான் தவறினேன். என் முதல் ஜெல்லில் 20 சதவீதம் கிளிசரின். கண்ணாடி போல அவ்வளவு தெளிவு. கரைசலின் செறிவை அளக்கும் ஆஸ்மோமீட்டரில் வைத்தால் கிலோவுக்கு 2,500 மில்லிஆஸ்மோலைத் தாண்டியது. நம் இரத்தத்தில் அது ஏறக்குறைய 290. அத்தனை செறிவான ஜெல் செல்களிலிருந்து நீரை இழுத்துவிடும். யோனியின் உட்படலம் உரியும். கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிடுவோம். வழுவழுப்பு ஜெல்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்ச வரம்பு 1,200. 380-க்குள் இருப்பது நல்லது.

உட்படலம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானாக்சினால்-9 என்ற விந்தணுக்கொல்லியே சாட்சி. அது சோதனைக் குழாயில் வைரஸை அழித்தது. 2000-இல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானபோது, அதைப் போட்டுக்கொண்ட பெண்களுக்குத்தான் தொற்று அதிகமாக இருந்தது. பாதுகாப்பை நம்பி வந்தவர்கள் அவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உங்கள் ஜெல்லின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4-ஐ ஒட்டி இருக்கட்டும். ஜெல்லில் யோனியின் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் பிழைக்கிறதா என்று பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 889 பெண்களிடம் நடந்த ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தான டெனோபோவிர் 1 சதவீதம் சேர்த்த ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்ததாக 2010-இல் அறிவித்தார்கள். அதே ஜெல் 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் பலன் தரவில்லை. பெற்றோருடன் வாழும் இளம்பெண்கள் பலருக்கு, உறவுக்கு முன்னும் பின்னும் ஜெல் போட்டுக்கொள்ள மறைவிடம் கிடைக்கவில்லை. மாதம் முழுக்க யோனிக்குள்ளேயே இருந்து டாபிவிரின் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கசியவிடும் வளையத்தின் அருமை இங்கேதான் புரிகிறது.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். உங்கள் வெறும் ஜெல்லை 4 மில்லி நிரப்பிய செலுத்தியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் அதை எங்கே வைத்தீர்கள், யார் கண்ணில் பட்டது, கடைசியில் எந்தக் குப்பையில் போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.