பழைய ஹார்ட் டிஸ்க்கில் திறக்காத ஃபோல்டர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்தபோது பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கைக் கழற்றிப் புது விண்டோஸில் மாட்டினால், காவடிப் படங்கள் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் 'ஆக்சஸ் டினைடு' (அனுமதி இல்லை). பூட்டெல்லாம் இல்லை, உரிமை பழைய விண்டோஸின் பயனர் எண்ணில் (ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் உள்ளுக்குள் வைக்கும் அடையாள எண்) கிடக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு.

அந்த ஃபோல்டரில் வலது கிளிக், புராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. ஓனர் வரியில் 'சேஞ்ச்' தட்டி, புதுப் பயனர் பெயரை எழுதி 'செக் நேம்ஸ்'. பிறகு தோன்றும் 'ரீப்ளேஸ் ஓனர்' கட்டத்தில் டிக் போடுங்கள்; விட்டால் உள் ஃபோல்டர்கள் திறக்காது. சன்னலை மூடித் திறந்து, 'ஆட்' மூலம் அதே பயனருக்கு ஃபுல் கன்ட்ரோல் (முழு அனுமதி) கொடுங்கள்.

விண்டோஸ் ஓடும் சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்யாதீர்கள், கணினியே படுத்துவிடும். கோப்பின் மேல் சின்னப் பூட்டுப் படம் தெரிந்தால் அது என்கிரிப்ஷன், அதாவது கோப்பின் உள்ளடக்கமே மறைகுறியாக மாற்றப்பட்டிருக்கிறது. பழைய சான்றிதழ்ச் சாவி இல்லாமல் திறக்காது.