புதிய நகரத்தில் நல்ல காக்டெயில் பாரைத் தேடுவோருக்கு

பெருநகரம் ஒன்றில் புதிதாகக் குடியேறியவர்கள் நல்ல பாரைத் தேடும்போது முதலில் பார்ப்பது கைபேசியில் தெரியும் நட்சத்திர மதிப்பீடுகளைத்தான். அவை பெரும்பாலும் விளக்கு அலங்காரத்துக்கும் மாடியிலிருந்து தெரியும் காட்சிக்கும் கிடைத்தவை. 2009 முதல் வெளிவரும் 'உலகின் 50 சிறந்த பார்கள்' பட்டியலைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அதில் இடம்பெற்றவற்றில் வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது.

வாரநாள் ஒன்றில், கடை திறந்த சற்று நேரத்தில் சென்று, பார்டெண்டரின் கைகள் தெரியும்படி கவுண்டரிலேயே அமர்ந்து ஒரு டாக்கிரி கேளுங்கள். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப்பாகு ஆகிய மூன்று மட்டுமே சேரும் பானம் என்பதால், செய்பவரின் குறையை மூடிமறைக்க அதில் எதுவும் இல்லை. பழம் அன்றைக்குப் பிழிந்ததா, ஊற்றுவதற்கு முன் அளக்கிறாரா, ஷேக்கர் நிறைய ஐஸ் போடுகிறாரா, கிளாஸ் முன்கூட்டியே குளிர்விக்கப்பட்டதா என்று கவனியுங்கள். அப்படியே வெர்மத் பாட்டில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒயினிலிருந்து செய்யப்படுவதால், திறந்தபின் அது குளிர்பெட்டிக்குள் இருக்க வேண்டும். அலமாரியில் தூசி படிந்து நின்றால், அந்தக் கடையில் வெர்மத் சேரும் மார்ட்டினியைக் கேட்பது வீண்செலவு.

டாக்கிரி தேறினால், விடுமுறை நாளில் அவர் எங்கே குடிக்கப் போவார் என்று பார்டெண்டரிடமே கேளுங்கள். எனக்கு ஒருவர் பில்லின் பின்பக்கம் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, நாற்காலிகள் ஆடும் சிறிய கடை, இன்றும் நான் வழக்கமாகச் செல்லும் இடம்.

வயதுச் சான்றை மறக்க வேண்டாம்: சட்டப்படியான வயது பிரிட்டனில் 18, ஜப்பானில் 20, அமெரிக்காவில் 21. பீர் மட்டுமே பழகியவர்கள் நெக்ரோனி என்ற காக்டெயிலை மெதுவாக அருந்த வேண்டும். ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மத் என அதில் சேரும் மூன்றுமே மதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு முடியாமல், வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு விசாவுக்கும் சிக்கல் வரக்கூடும்.

மது அருந்தாத நண்பர் உடன் வந்தால், அவருக்கு என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். டப்பாவில் அடைத்த சாற்றை ஊற்றி நீட்டும் கடைக்கு நான் இரண்டாம் முறை போனதில்லை.