எலி கடிச்ச கார் வயரிங்கை கம்மி செலவுல நாமளே சரி பண்றது எப்படி

ரொம்ப நாள் நின்ன பழைய காரை எடுக்கப் போனா ஸ்டார்ட் ஆகல, இல்ல ஸ்டார்ட் ஆகி ஒரு சிலிண்டர் விட்ட மாதிரி குலுங்குது, பானட்டைத் தூக்கினா புழுக்கையும் கிழிச்சுப்போட்ட பஞ்சும் கிடக்குன்னா வேற யோசிக்கவே வேணாம், எலிதான். உடனே "மொத்த ஹார்னஸையும் மாத்தணும்"னு யாராவது சொல்லுவாங்க (ஹார்னஸ்னா வண்டியோட வயரை எல்லாம் சேர்த்துக் கட்டின கட்டு). பழைய மாடலுக்கு புது ஹார்னஸ் கிடைக்கிறதே கஷ்டம், கிடைச்சாலும் காரோட மதிப்புக்கு அந்த செலவு கட்டுப்படியாகாது. ஆனா எலி கடிச்ச இடத்தைப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாலும் ஒரு ஜாண், ரெண்டு ஜாண் நீளத்துக்குள்ளதான் சேதம் இருக்கும், அதை பொறுமையா ஒவ்வொரு வயரா சரி பண்ணிட்டா வண்டி இன்னும் பல வருஷம் ஓடும்.

சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி மூக்கை வச்சுப் பாருங்க. எலி வயரோட நிறுத்தாது, ரப்பர் பெட்ரோல் ஹோஸ், வேக்குவம் ஹோஸ், வாஷர் டியூப் எல்லாத்தையும் கடிக்கும். பெட்ரோல் வாசனை லேசா வந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஹோஸை மாத்தின அப்புறம்தான் மத்த வேலை.

அடுத்தது சுத்தம். கிளவுஸும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க, எலி மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல் வரும், அதனால காய்ஞ்ச புழுக்கையை பிரஷ்ஷால தட்டவோ ஏர் அடிக்கவோ கூடாது, கிருமிநாசினி தெளிச்சு நல்லா ஊறவிட்டு ஈரத்தோட துடைச்சு எடுங்க, ஆனா ப்ளீச் கலந்த தண்ணி கப்ளருக்குள்ள (வயர் முனையில மாட்டிக் கழட்டுற பிளக்) போகக்கூடாது, அதுக்குள்ள இருக்கிற உலோகப் பின் எல்லாம் அரிச்சுடும். ஏர் ஃபில்டர் பாக்ஸையும் ஏசி ப்ளோயரையும் திறந்து பாருங்க, கூடு அங்கதான் இருக்கும். வாசனை மிச்சம் இருந்தா எலி திரும்ப வரும், அதனால இந்த வேலையை அரைகுறையா விடாதீங்க.

இப்போ பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க (சில பழைய ரேடியோ கரன்ட் போனா கோட் கேக்கும், அதை முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க). ஒண்ணையும் தொடாம, நாலு பக்கத்துல இருந்தும் போன்ல போட்டோ எடுங்க. அப்புறம் ஹார்னஸ் மேல இருக்கிற டேப்பை, கண்ணுக்குத் தெரியிற கடிக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் தாண்டி பிரிங்க, ஏன்னா டியூப்புக்கு உள்ள பதுங்கி இருக்கிற கடிதான் அப்புறம் மழையில வேலையைக் காட்டும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) அடியில, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் வரிசை, ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓரம், பிளாஸ்டிக் கவருக்குக் கீழ, இந்த இடங்களை விடாம பாத்துடுங்க, சூடும் மறைவும் இருக்கிற இடம்தான் எலிக்குப் பிடிக்கும்.

வயரைப் பொறுத்தவரை செலவைக் குறைக்க நல்ல வழி காயலான் கடைதான். அதே மாடல் காரோட ஹார்னஸ்ல இருந்து ஒரு துண்டு, கப்ளரோட சேர்த்து நீளமா வெட்டி வாங்கிட்டு வந்தா அதே கலர், அதே கோடு, அதே தடிமன், வெட்டி ஒட்டுறதுல குழப்பமே இல்ல. கிடைக்கலன்னா ஆட்டோ வயர் வாங்குங்க, சென்சார் வயர் பொதுவா 0.5 ஸ்குவேர் எம்எம் பக்கம் இருக்கும், ஹெட்லைட், ஃபேன் மாதிரி கரன்ட் இழுக்கிறதுக்கு அதைவிட நல்லா தடிமனா இருக்கும், பழசு என்ன சைஸோ அதே சைஸ் இல்ல ஒரு படி மேல, கீழ மட்டும் போகக்கூடாது. வீட்டு வயரிங்ல மிச்சமான வயரைப் போடாதீங்க, எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அதோட தோல் தாங்காது, அதுலயும் ஒத்தைக் கம்பி வயரா இருந்தா அதிர்வுல முறிஞ்சே போயிடும்.

ஜாயின்ட் போடுறதுதான் இந்த வேலையோட உயிரே. ஒரு நேரத்துக்கு ஒரே வயர், அதை முடிச்சுட்டு அடுத்தது, எல்லாத்தையும் மொத்தமா வெட்டி வச்சுட்டு அப்புறம் தேடினா கலர் குழம்பிடும். கடிச்ச முனையைப் பாருங்க, செம்பு கருப்பாவோ பச்சையாவோ இருந்தா பளபளன்னு செம்பு நிறம் வர்ற வரைக்கும் பின்னாடி வெட்டிக்கிட்டே போங்க, கருத்த செம்புல சோல்டர் ஒட்டாது. வெட்டினதால நீளம் குறைஞ்சா இழுத்துக் கட்டாதீங்க, நடுவுல துண்டு வயர் சேருங்க. உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதல்லயே ஒரு பக்க வயர்ல மாட்டி தூரமா தள்ளி வச்சுடுங்க, பக்கத்துல இருந்தா சோல்டர் சூட்டுலயே சுருங்கிடும். ரெண்டு முனையையும் ஒண்ணுமேல ஒண்ணு நேர்க்கோட்டுல முறுக்கி, சோல்டரிங் அயர்னை கீழ வச்சு சூடு பண்ணி, மேல இருந்து ரோசின் கோர் சோல்டரை (நடுவுல ரோசின் பிசின் இருக்கிற சோல்டர் கம்பி) தொட்டா அது தானா உருகி உள்ள இழுத்துக்கும், இழைகளோட வடிவம் வெளிய தெரியிற அளவு போதும், உருண்டையா திரண்டு நின்னா சூடு பத்தலன்னு அர்த்தம். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், நாளடைவுல செம்பை அரிச்சுடும். ஸ்லீவைச் சுருக்கும்போது ரெண்டு ஓரத்துலயும் பசை லேசா பிதுங்கி வரணும், அப்போதான் தண்ணி போகாது. அயர்ன் இல்லாதவங்க நல்ல க்ரிம்பிங் கருவியோட பட் கனெக்டர் (ரெண்டு முனையையும் உள்ள விட்டு நசுக்குற சின்னக் குழாய்) போடலாம், தப்பே இல்ல, ஆனா கட்டிங் பிளேயர்ல நசுக்கினா அது நிக்காது. பக்கத்து பக்கத்து வயர்களோட ஜாயின்ட் ஒரே இடத்துல வராம கொஞ்சம் முன்ன பின்ன தள்ளி வைங்க, கட்டும் தடிக்காது, ஒண்ணோட ஒண்ணு உரசி ஷார்ட்டும் ஆகாது.

தோல் மட்டும் போய் உள்ள இழை எல்லாம் முழுசா, சுத்தமா இருந்தா வெட்ட வேண்டியதில்ல, தன்னோட தானே ஒட்டிக்கிற சிலிக்கான் டேப் இழுத்துச் சுத்துங்க. சாதா கருப்பு பிவிசி டேப்பை மட்டும் நம்பாதீங்க, எஞ்சின் சூட்டுல பசை இளகி பிசுபிசுன்னு கழண்டு வந்துடும்.

சில வயர்ல ஜாக்கிரதை. மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கப்ளர் இருந்தா பெரும்பாலும் ஏர்பேக், அதுல மல்டிமீட்டர் கூட வைக்காதீங்க, அதை மட்டும் ஆள் கூப்பிட்டுப் பண்ணுங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம். ஆக்சிஜன் சென்சார் வயரை சோல்டர் பண்ணக்கூடாது, நிறைய சென்சார் அந்த வயர் வழியாத்தான் வெளிக்காத்தை எடுத்துக்குது, க்ரிம்ப் போடுங்க, இல்ல சென்சாரையே மாத்துங்க. கிராங்க் சென்சார் (எஞ்சின் சுத்துறதைப் பாக்கிறது), கேன் பஸ் (வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வயர்) மாதிரி ரெண்டு வயரும் முறுக்கி வர்றதை ஜாயின்ட் போட்டப்புறம் அதே மாதிரி முறுக்கிடுங்க, மேல ஷீல்டு (மெல்லிய உலோக உறை) இருந்தா அதையும் சேர்த்து இணைச்சு மூடுங்க, இல்லன்னா சிக்னல் கெட்டு எஞ்சின் விட்டு விட்டு ஓடும்.

டேப் சுத்துறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க. மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி சத்தம் வந்துடுச்சேன்னு விட்டுடாதீங்க, ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது கத்தும். லைட், ஃபேன் மாதிரி லோடு சர்க்யூட்ல பேட்டரியை மாட்டி அதை ஆன் பண்ணிட்டு பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்போட பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவுல வோல்ட்டேஜ் பாருங்க, 0.5 வோல்ட்டுக்கு மேல போனா வழியில எங்கயோ ஜாயின்ட் சரியில்ல. பியூஸ் போட்டா போட்டா போகுதுன்னா பெரிய பியூஸ் போடுறது தீக்கு வழி, அந்த பியூஸ் இடத்துல 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒண்ணை ரெண்டு வயரால மாட்டுங்க, ஷார்ட் இருக்கிற வரைக்கும் அது முழுசா எரியும், ஹார்னஸை இடம் இடமா ஆட்டிக்கிட்டே கப்ளரை ஒண்ணொண்ணா கழட்டிக்கிட்டே போங்க, எங்க பல்பு மங்குதோ அங்கதான் ஷார்ட். இதை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), ஏர்பேக் சர்க்யூட்ல பண்ண வேணாம்.

எல்லாம் ஓகேன்னா சூடு தாங்குற துணி ஹார்னஸ் டேப் சுத்தி, நெளி டியூப் போட்டு, எக்ஸாஸ்ட் பக்கம் தொங்காம பழைய கிளிப்லயே மாட்டுங்க, ஓபிடி ஸ்கேனர் (வண்டி பதிஞ்சு வச்ச கோளாறைப் படிக்கிற கருவி) ஏத்துக்கிற வண்டின்னா பழைய எரர் கோட்களை அழிச்சுட்டு ஓட்டிப் பாத்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.

திரும்ப வராம இருக்க, மிளகாய்க் காரம் ஏத்தின எலி டேப்னு ஒண்ணு இருக்கு, கடி வாங்கின பகுதிக்கு மேல சுத்தலாம், ஏர் இன்டேக் வாய்லயும் ப்ளோயர் வாய்லயும் 6 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள கம்பி வலை போடலாம். இதைவிட முக்கியம் வண்டியை அடிக்கடி எடுத்து ஓட்டுறது, காருக்குள்ள திங்கிற ஐட்டம் எதுவும் விடாம இருக்கிறது. எலி விஷம் மட்டும் வண்டிக்குள்ள வைக்காதீங்க, தின்னுட்டு டாஷ்போர்டுக்குள்ள போய் செத்துச்சுன்னா அதை வெளிய எடுக்க டாஷையே கழட்டணும்.