டேட்டா சயின்ஸை பிஏவா படிக்கப் போறீங்களா? ரெண்டாவது சப்ஜெக்ட்ல இருந்து ஆரம்பிங்க

"பிஏல டேட்டா சயின்ஸா, அப்போ மேத்ஸ் இருக்காதுல்ல?" சேர்ந்த நாள்ல இருந்து முடிச்சு வெளிய வந்த நாள் வரைக்கும் இந்தக் கேள்விய எத்தனை பேர் கேட்டாங்கன்னு எனக்குக் கணக்கே இல்ல. கேட்டவங்கள்ல பாதிப் பேர் மேத்ஸுக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தவங்க. அவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், டேட்டாவ அலசி கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கறதுதான் டேட்டா சயின்ஸ், அதுல மேத்ஸ் இருக்கு, நிறையவே இருக்கு. லிபரல் ஆர்ட்ஸ்ன்னு பழைய ஐரோப்பாவுல சொன்னதே 7 பாடம், இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலைன்னு மூணு, எண்கணிதம், ஜியோமெட்ரி, இசை, வானியல்ன்னு நாலு. அந்த நாலும் கணக்குதான், இசையக்கூட விகிதக் கணக்காத்தான் படிச்சிருக்காங்க. அதனால ஆர்ட்ஸ்ன்னா மேத்ஸ் இல்லாத இடம்ங்கற நெனப்ப இங்கயே விட்டுட்டு வாங்க.

காலேஜ் தேடும்போது டிகிரி பேரப் பாக்காதீங்க, எந்தெந்த பேப்பர் கட்டாயம்ன்னு பாருங்க. கால்குலஸ், லீனியர் அல்ஜிப்ரா, ப்ராப்பபிலிட்டி, அதுக்கு மேல உக்காந்த ஸ்டாட்ஸ் பேப்பர் ஒண்ணு, கோடிங் குறைஞ்சது ரெண்டு செமஸ்டர், டேட்டாபேஸ்ல இருந்து டேட்டாவ எடுக்கற எஸ்க்யூஎல் மொழி எங்கயாவது ஒரு மூலைல, எத்திக்ஸ் ஒண்ணு, இவ்வளவும் இருந்தா நம்பி சேரலாம். லீனியர் அல்ஜிப்ராவும் ப்ராப்பபிலிட்டியும் விருப்பப் பாடமா ஒதுங்கி இருந்துச்சுன்னா அது டாஷ்போர்டு, அதாவது எண்ண எல்லாம் சார்ட்டா காட்டற பக்கம், போடக் கத்துக் குடுக்கற கோர்ஸ், அதுவும் வேலைதான், ஆனா அதுக்கு இத்தனை வருஷம் தேவையில்லங்கறது என் அபிப்பிராயம். மாடலுக்கு ஒண்ணு பாக்கணும்னா அமெரிக்காவுல இருக்கற பெர்க்லி யூனிவர்சிட்டி 2018ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் டிகிரிய எடுத்துப் பாருங்க, அது பிஏதான். அதுல மேத்ஸ், கோடிங் தாண்டி வேற ஒரு துறைல கொஞ்சம் பேப்பர் எடுத்தே ஆகணும், டேட்டாவுக்கும் மனுஷங்களுக்கும் உள்ள உறவு, எத்திக்ஸ் பத்தி ஒரு பேப்பரும் கட்டாயம். அங்க முதல் வருஷத்துப் பசங்களுக்கு நடத்தற டேட்டா 8ங்கற கோர்ஸோட பாடப் புத்தகம் நெட்ல இலவசமாவே இருக்கு, கோடிங் தெரிஞ்சிருக்கணும்ன்னு அவசியம் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி அத ஒரு ரெண்டு மாசம் மேஞ்சு பாத்தீங்கன்னா இது நமக்கு ஒத்து வருமா வராதான்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். இந்த டிகிரில எல்லாரும் டேட்டா சயின்ஸ் மேஜர பத்தியே யோசிப்பாங்க, மைனரயோ ரெண்டாவது சப்ஜெக்டயோ டைம்டேபிள்ல எது ஒக்காருதோ அத எடுத்துக்கலாம்ன்னு விட்டுடுவாங்க. நானும் அதேதான் பண்ணேன். காலைல கிளாஸ் இல்லாத, அசைன்மென்ட் கம்மியான ஒரு சப்ஜெக்டா பாத்து எடுத்தேன், மூணு செமஸ்டர் ஓடினப்புறம் ப்ராஜெக்டுக்கு ஒரு கேள்வி சொல்லுன்னு கேட்டப்ப கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி நின்னேன். டூல்ஸ் எல்லாம் தெரியுது, அத வச்சு என்ன கேக்கறதுன்னு தெரியல. நாலாவது செமஸ்டர்ல சப்ஜெக்ட மாத்தி, விட்டத எல்லாம் துரத்திப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு.

கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம்ன்னா, அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரிச்சு 1787, 88ல புனைபேர்ல வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள்ல 12 கட்டுரைய அந்தக் கால அரசியல் தலைவருங்கள்ல ஹாமில்டன் எழுதினாரா மேடிசன் எழுதினாரான்னு ரொம்ப காலமா ஒரு சண்டை. ஃப்ரெடரிக் மாஸ்டெல்லர், டேவிட் வாலஸ்ன்னு ரெண்டு ஸ்டாட்ஸ்காரங்க 1964ல அத வார்த்தைய எண்ணியே தீத்து வச்சாங்க. பெரிய பெரிய வார்த்தைய எண்ணல, இங்கிலீஷ்ல 'அப்பான்' (upon) மாதிரி யாரும் கண்டுக்காத சின்ன வார்த்தைங்களதான் எண்ணினாங்க, ஹாமில்டன் அத ஆயிரம் வார்த்தைக்கு மூணு தடவ போல போடுவாரு, மேடிசன் தொடறதே அபூர்வம். முடிவு மேடிசன் பக்கம் வந்துச்சு. எண்ணறது யாரு வேணா எண்ணலாம், எத எண்ணணும்ன்னு தோணணும்ன்னா எழுத்து நடைன்னா என்ன, இந்தச் சண்டை எதுக்குன்னு தெரிஞ்சிருக்கணும். அந்தப் பாதி உங்க ரெண்டாவது சப்ஜெக்ட்ல இருந்துதான் வரணும்.

அத எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னா, பரிட்சைக்கு இல்லாம நீங்களா உக்காந்து படிக்கற விஷயம் எதுன்னு பாருங்க. மொழி, எகனாமிக்ஸ், சுற்றுச்சூழல், இசை, வரலாறு எதுவா வேணா இருக்கட்டும். அதுல ஒரு மூணு ஆய்வுக் கட்டுரைய எடுத்து, இவங்க டேட்டாவ எங்கிருந்து எடுத்தாங்க, அது நமக்கும் கெடைக்குமான்னு மட்டும் தேடுங்க. கெடைக்குதுன்னா அத எடுங்க. பிடிச்சிருக்கு ஆனா டேட்டா எல்லாம் பூட்டி வச்சிருக்காங்கன்னா கொஞ்சம் யோசிங்க. மூணு நாலு துறைல ஒவ்வொரு பேப்பர் எடுத்து நுனிப்புல் மேயறது மட்டும் வேணவே வேணாம், ஒரே துறைல ஆழமா நாலஞ்சு பேப்பர் போங்க. இல்லன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு முன்னாடி கோடிங்லயும் நிக்க முடியாது, துறைக்காரங்க முன்னாடி விஷயத்துலயும் நிக்க முடியாது, ரெண்டுங்கெட்டானா போயிடுவோம்.

பாடம் எடுக்கற வரிசைய சுருக்கமா சொல்லிடறேன். முதல் வருஷம் கால்குலஸும் கோடிங்கும், ரெண்டாவது வருஷம் லீனியர் அல்ஜிப்ராவும் ப்ராப்பபிலிட்டியும், டேட்டாவ வச்சு கம்ப்யூட்டர தானா கத்துக்க வைக்கற மெஷின் லேர்னிங் அதுக்கு அப்புறம்தான். எல்லாரும் மெஷின் லேர்னிங்க முதல்ல எடுக்கத் துடிப்பாங்க, எடுத்தா மூணு வரி கோடு எழுதி ரிசல்ட் வந்துடும், ஏன் வந்துச்சுன்னு கேட்டா முழி பிதுங்கும். மேத்ஸ்ல வீக்குன்னா ஒரு வேலை பண்ணுங்க, அஞ்சே அஞ்சு புள்ளிய பேப்பர்ல வச்சு, அதுங்களுக்கு நடுவுல சரியா போற கோட்ட லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறைல (ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலயோ கீழயோ எவ்வளவு தள்ளி இருக்குங்கறத வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைய முடிஞ்சவரைக்கும் குறைக்கறது) கையாலயே கண்டுபிடிங்க. ஒரு சாயங்காலம் போகும், போகட்டும், இப்படிக் கோடு கண்டுபிடிக்கறதுக்குத்தான் ரெக்ரெஷன்னு பேரு, அதுக்கப்புறம் அந்த வார்த்தை பயமுறுத்தாது.

கோடிங்க்கு பைத்தான் மொழியா ஆர் மொழியான்னு சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க, உங்க டிபார்ட்மென்ட்ல எது நடத்தறாங்களோ அதுல ஆழமா போங்க, இன்னொண்ணு தானா வரும். ஏஐ கிட்ட கோடு கேக்கறத பத்தி, முதல் வருஷம் மட்டுமாவது நீங்களா எழுதி, தப்பாகி, அப்புறம் கேளுங்க. எர்ரர் மெசேஜ படிக்கத் தெரியறதே ஒரு தனித் திறமை.

டேட்டா கையில வந்ததும் கணக்கு போட ஓடாதீங்க, முதல்ல படம் வரைஞ்சு பாருங்க. 1973ல ஃப்ரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் நாலு குட்டி டேபிள் போட்டுக் காட்டினாரு, ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி, சராசரி, கோரிலேஷன் (ரெண்டு எண் எவ்வளவு சேந்து ஏறி இறங்குதுங்கற அளவு) எல்லாம் நாலுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வரைஞ்சா ஒண்ணு சாதாரணமா கோட்ட ஒட்டிப் போகுது, ஒண்ணு வளையுது, ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி தனியா எகிறி நிக்குது, ஒண்ணுல ஒரே ஒரு புள்ளிதான் முழு கோரிலேஷனயும் தாங்கிப் பிடிச்சிருக்கு. அப்புறம் ஒரிஜினல் ஃபைல்ல கை வைக்கவே கூடாது, காப்பி எடுத்து அதுல வேலை பாருங்க, எக்ஸெல்ல தெறந்து சும்மா சேவ் பண்ணாலே சில விஷயம் மாறிடும். மார்ச்1, செப்ட்1ன்னு இருந்த ஜீன் பேரையெல்லாம் எக்ஸெல் தேதியா மாத்தி மாத்தி வச்சதுல, கடைசில 2020ல ஜீனோட பேரயே மாத்திட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

அடுத்தவங்க ரிசல்ட்ட திரும்பப் போட்டுப் பாக்கறத நான் சொல்லக்கூடிய ஒரே அருமையான பயிற்சின்னு சொல்லுவேன். 2010ல ரைன்ஹார்ட், ரோகாஃப்ன்னு ரெண்டு பெரிய எகனாமிஸ்ட்டுங்க, அரசாங்கக் கடன் ஜிடிபில 90 சதவீதத்த தாண்டினா வளர்ச்சி சராசரியா மைனஸ் 0.1 சதவீதம்ன்னு எழுதினாங்க, பல நாட்டு அரசியல்வாதிங்க அத எடுத்துப் பேசினாங்க. தாமஸ் ஹெர்ன்டன்ங்கற ஒரு ஸ்டூடண்ட் கிளாஸ் அசைன்மென்டுக்காக அத திரும்பப் போட்டுப் பாத்தா வரவே இல்ல, அவங்ககிட்டயே ஷீட்ட கேட்டு வாங்கிப் பாத்தா எக்ஸெல் ஃபார்முலால 5 நாடு விட்டுப் போயிருக்கு. அதையும் இன்னும் ரெண்டு விஷயத்தையும் சரி பண்ணி 2013ல அவங்க டீம் போட்ட கணக்குல 2.2 சதவீதம் வந்துச்சு. அசைன்மென்ட்தானேன்னு சும்மா எழுதிக் குடுத்திருந்தா இது வெளிய வந்திருக்குமா?

வரலாறு, சமூகவியல் கிளாஸ்ல தூங்காதீங்க, அங்கதான் டேட்டா எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகப்படக் கத்துக் குடுக்கறாங்க. 1936 அமெரிக்கத் தேர்தல்ல லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 1 கோடி பேருக்கு கார்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி ரூஸ்வெல்ட்ட எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு சொல்லுச்சு, ஆனா ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டாரு. டெலிஃபோன் டைரக்டரியையும் கார் வச்சிருக்கவங்க லிஸ்ட்டையும் பாத்து அட்ரஸ் எடுத்திருக்காங்க, அந்தப் பொருளாதார மந்த காலத்துல ஃபோனும் காரும் யார்கிட்ட இருந்திருக்கும்ன்னு ஒரு வரலாற்று ஸ்டூடண்ட் உடனே கேட்டிருப்பான். அதுலயும் கார்டு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பதிலே போடல.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு சின்னதா ஒரு கேள்வி எடுங்க, ரெண்டு சப்ஜெக்ட்ல இருந்தும் ஒவ்வொரு கைடு இருக்கணும்ன்னு அடம் பிடிங்க, ஒருத்தர் மேத்ஸ்ல விடுற ஓட்டைய இன்னொருத்தர் விடமாட்டாரு, இன்னொருத்தர் அர்த்தத்துல விடுறத இவரு விடமாட்டாரு. கோடு, டேட்டா, எழுதினது எல்லாத்தையும் கோடு ஷேர் பண்ற கிட்ஹப் சைட்ல ஒரே இடத்துல போட்டு, வேற ஒரு லேப்டாப்ல டவுன்லோட் பண்ணி முதல்ல இருந்து ஓடுதான்னு பாத்துடுங்க. வேலைக்குப் போகும்போது ரெஸ்யூமேல பத்து கோடிங் லைப்ரரி பேர அடுக்கறத விட இந்த ஒரு லிங்க் போதும். என் முதல் இன்டர்வியூல கோடிங் கேள்வி பத்து நிமிஷத்துல முடிஞ்சது, மீதி நேரம் முழுக்க நான் ஏன் அந்த டேட்டாவுல காலியா இருந்த வரிய தூக்கிப் போடாம தனியா வச்சேன்னுதான் கேட்டாங்க.