பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை
பெற்றோரும் உடன்பிறந்தோரும் யாழ்ப்பாணத்தில் வாழ, அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த ஒருவருக்குப் பாதுகாப்பு அனுமதி (இரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி) மறுக்கப்பட்டால், அவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பலர் அஞ்சுவது பெரும்பாலும் மிகையே; அனுமதி தேவைப்படாத வேறு பணிப்பிரிவுக்கு அவர் மாற்றப்படலாம், பணிவிலக்கலும் சிலவேளை நேரலாம்.

முதலில், காரணங்களைக் கூறும் கடிதத்தைக் கவனமாக வாசித்து, அதில் குறித்த தவணைக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். அனுமதி தரலாமா என்று முடிவுசெய்ய 2017 முதல் நடைமுறையிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளில் எது சுட்டப்பட்டுள்ளது என்பதே முக்கியம். வெளிநாட்டுத் தொடர்பே காரணமெனில், ஊரிலுள்ள உறவினர் யார், என்ன தொழில் செய்கிறார், அவருடன் எவ்வளவு அடிக்கடி பேசுவது, அனுப்பும் பணம் எவ்வளவு என்பவற்றை வங்கிப் பற்றுச்சீட்டு முதலிய சான்றுகளோடு விளக்கலாம். தம்பி ஒருவரை விண்ணப்பத்தில் வேண்டுமென்றே மறைத்திருந்தால், அந்தத் தம்பியைவிட மறைத்த செயலே பெருங்குறையாகிவிடும்.

பாதுகாப்பு அனுமதி அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியது என்பதால், இன்னும் குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளருக்கோ இவ்வழி பொருந்தாது. அவருக்குக் குடியுரிமையே முதற்படி.