நாலு நம்பர் எடுக்கும் மாமாவை வைத்து உளவியல் படிப்பது எப்படி

இங்கே மலேசியாவில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நாலு நம்பர் எடுப்பார், அதாவது நாலு இலக்க எண்ணின் மேல் காசு கட்டும் லாட்டரி. மழை கொட்டினாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, சாயங்காலம் மோட்டாரை உதைத்துக் கிளப்பி சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஏன் இப்படி என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது கொழுப்பு, அண்ணனுக்குப் பேராசை, பாட்டிக்குத் தலையெழுத்து. நான் பகுதி நேரமாக உளவியல் டிப்ளோமா படித்தவன் என்பது எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்கத் தெரியும், அதனால் பிள்ளைகள் அசைன்மெண்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணே, ஒரு நடத்தையை எடுத்து அஞ்சு பார்வையில விளக்கணுமாம், எப்படி எழுதறது?" எல்லாருக்கும் மாமாவைத்தான் காட்டுவேன். அசைன்மெண்ட் இல்லாதவர்களும் படிக்கலாம், வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தர் இருக்கத்தான் செய்கிறார்.

முதல் வேலை, குணத்தை எழுதாமல் செயலை எழுதுவது. 'பேராசைக்காரர்' என்பது செயல் இல்லை, அது நம் தீர்ப்பு. 'வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நம்பர், நம்பருக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)' என்று எழுதினால்தான் அது செயல். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், 555 நோட்டுப் புத்தகத்தை விரித்தார், போனில் முடிவைப் பார்த்துப் பென்சிலால் ஒவ்வொரு நம்பராக அடித்துக்கொண்டே வந்தார், ஐந்தாவதில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, இங்க பாரு, 4172 எடுத்தேன், 4127 வந்திருக்கு! கிட்ட வந்துருச்சு, அடுத்த வாட்டி விடாது." முகத்தில் தோற்றவனின் சாயலே இல்லை. இதைப் பார்க்காமல் 'பேராசை' என்று எழுதியிருந்தால் பாதி விஷயம் போயிருக்கும். அடுத்தவன் செய்வதற்கு அவன் குணத்தையும் நாம் செய்வதற்குச் சூழ்நிலையையும் காரணம் காட்டும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. குணத்தின் மேல் இப்படி அளவுக்கு மீறிப் பழி போடுவதை 1977இல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் கற்பிதப் பிழை' என்று பேர் வைத்து எழுதினார்.

சரி, இப்போது நடத்தைவாதம். எனக்கு இதில் தொடங்கத்தான் பிடிக்கும், மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகம் பண்ண வேண்டாம், வெளியே தெரிவதை எண்ணினால் போதும். 1913இல் ஜான் வாட்சன் உளவியல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். இந்தக் கோணம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: செய்ததும் என்ன கிடைத்தது? 'பணம்' என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டு மார்க்கைக் கோட்டை விடாதீர்கள், கணக்குப் போடுங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், 'பெசார்' (பெரிய பந்தயம்) எடுத்தால் ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. மாமா வாரத்துக்கு 15 நம்பர், வருடத்துக்கு 780 நம்பர் எடுக்கிறார். 780ஐ 23ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 1.8 வருகிறது. ஆக, சராசரியாக வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஏதோ ஒரு பரிசு விழும், பெரும்பாலும் சின்னது, எப்போது என்றுதான் தெரியாது. பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியது இதையேதான். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி போட்டுப் பழக்கிவிட்டு நிறுத்தினால் புறா சீக்கிரம் விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி பழக்கினால், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும்.

புறா என்றதும் இன்னொன்று. 1948இல் ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தீனி விழும்படி வைத்தார். அதில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கு பிடித்துக்கொண்டன, ஒன்று வட்டம் சுற்றியது, ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தற்செயலாக அதைச் செய்தபோது தீனி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமாவிடம் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. என்றோ பரிசு விழுந்த நாளில் போட்டிருந்தது. சனிக்கிழமை அதைத்தான் போடுவார், காலர் கிழிந்துபோனதைக் கையால் தைத்திருக்கிறார். இந்தக் கோணத்தின் ஓட்டையையும் எழுதுங்கள்: மாமாவின் தம்பிக்கும் இரண்டு தடவை பரிசு விழுந்தது, அவர் அதோடு விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்று, நடத்தை வேறு. ஏன் என்பதற்குப் புறாவிடம் பதில் இல்லை.

அங்கேதான் அறிதல் கோணம் வருகிறது. நடந்ததை அவர் தனக்குத்தானே என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது இதன் கேள்வி. "கிட்ட வந்துருச்சு" என்ற அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4172க்கும் 4127க்கும் குலுக்கலில் உறவே கிடையாது, 9305 வந்திருந்தாலும் அதே தோல்விதான், ஆனால் அவர் மனசு அதை முக்கால் வெற்றியாக வரவு வைக்கிறது. அப்புறம், "இது வந்து ரொம்ப நாளாச்சு, இனிமே வந்தே தீரும்" என்பார். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல்வட்டில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டித் தோற்றவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எலன் லாங்கர் 1975இல் வெளியிட்ட சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைத் தாங்களே பார்த்து எடுத்தவர்களிடம் விலைக்குத் திரும்பக் கேட்டபோது சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள், வேறு ஆள் எடுத்துக் கொடுத்தவர்கள் 1.96 டாலர் கேட்டார்கள். வெல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். மாமா இயந்திரம் தரும் நம்பரை வாங்கவே மாட்டார், கனவில் வந்தது, பேத்தி பிறந்த தேதி, விபத்தில் சிக்கிய காரின் பிளேட் நம்பர், இப்படித் தானே தேடி எடுத்ததுதான் அவருக்கு நம்பர்.

உயிரியல் கோணத்தைப் பிள்ளைகள் 'டோப்பமின்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அது மூளையில் நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள், ஆனால் அந்த வார்த்தை மட்டும் போதாது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், பழச்சாறு வரப்போகிறது என்ற அறிகுறிக்குக் குரங்கு பழகிய பிறகு, சாறு வந்தபோது இல்லை, அறிகுறி தெரிந்தபோதே டோப்பமின் நரம்பணுக்கள் துடித்தன. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்த நேரத்திலிருந்து ராத்திரி வரை மாமா உற்சாகமாக இருப்பதற்கு இது பொருத்தமான விளக்கம். கையில் செய்யக்கூடிய ஒன்றும் இந்தக் கோணத்தில் உண்டு: பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் டோப்பமினைப் போல வேலை செய்து, அதுவரை சூதே ஆடாத சிலரைச் சூதாட வைத்துவிடுகின்றன. ஆகவே வயதானவர் திடீரென்று மாறினால், திட்டுவதற்கு முன்னால் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கடன் வாங்கி ஆடுவது, பொய் சொல்லி மறைப்பது, விட்டதைப் பிடிக்கத் தொகையை ஏற்றிக்கொண்டே போவது, இவை இருந்தால் அது வேறு கதை. 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடு சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. மாமாவிடம் அப்படி எதுவும் இல்லை. எனக்கு நோய்ப் பேர் வைக்கும் தகுதியும் இல்லை.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டை அஞ்சு கணக்கில் சேர்க்காமல் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சூதாடி உள்மனசில் தோற்கவே விரும்புகிறான், குற்ற உணர்வுக்குத் தண்டனையாக, என்கிற மாதிரி 1928இல் எழுதினார். சுவாரசியம்தான், ஆனால் மாமா ஜெயித்தாலும் பொருந்தும் தோற்றாலும் பொருந்தும். எது நடந்தாலும் சரியாகிவிடும் விளக்கத்தை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன், பரீட்சையில் கேட்டால் மட்டும் எழுதுங்கள். மனிதநேயக் கோணத்துக்கு மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை அடுக்கிய பட்டியலைக் காட்டி முக்கோணம் வரைகிறார்கள். அந்த முக்கோணத்தை அவர் வரையவில்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. கார்ல் ரோஜர்ஸ் வழியில் போனால் இன்னும் பலன் உண்டு, அதாவது தீர்ப்புச் சொல்லாமல் ஆளிடமே கேட்பது. நான் கேட்டேன். "காசு வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணுமில்லப்பா, மக வந்தா கையில எதாவது கொடுக்கலாம், இப்ப அவதான் எனக்குக் கொடுக்கறா" என்றார். இந்தப் பதிலைப் பேராசைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சமூகப் பண்பாட்டுக் கோணம். நம்மூர் ஆட்கள் இதை ஒரு பத்தியில் முடிப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும், நமக்குத்தானே இதில் எழுத அதிகம். மாமா முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது, தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு வந்தார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), ஒட்டுக் கடை, மாரியம்மன் திருவிழா என்று ஆட்களைப் பார்க்க ஆயிரம் இடம் இருந்தது. இப்போது பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றாகச் சேர்வது நம்பர் கடை வாசலிலும் பக்கத்துக் கோப்பிக் கடையிலும்தான். நான் கூடப் போய்ப் பார்த்தேன், நம்பர் எடுக்க நாலு நிமிடம், கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி) குடிக்க ஒன்றரை மணி நேரம். அங்கே இன்னொன்றும் கவனித்தேன். ஜெயித்தவன் எல்லாருக்கும் தண்ணி வாங்கித் தருகிறான், தோற்றவன் வாயைத் திறப்பதில்லை, அதனால் ஊர் காதில் விழுவதெல்லாம் வெற்றிக் கதைகள். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்படியே அடித்ததை ஆல்பர்ட் பண்டூரா 1961இல் காட்டினார். அடித்தவருக்குப் பரிசு கிடைப்பதைப் பார்த்தால் என்ன ஆகும், தண்டனை கிடைப்பதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அடுத்த ஆய்வுகளில் ஆராய்ந்தார். எங்கள் கோப்பிக் கடையில் தண்டனை யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது எப்படிச் சேர்த்து எழுதுவது. ஐந்தையும் வரிசையாக அடுக்கி 'அனைத்தும் முக்கியம்' என்று முடித்தால் ஆசிரியருக்குக் கொட்டாவி வரும். ஒவ்வொரு கோணத்துக்கும் கீழே இரண்டு வரி சேருங்கள்: இந்த விளக்கம் தப்பு என்றால் எப்படித் தெரியும், சரி என்றால் நாளைக்கு எதை மாற்றிப் பார்க்கலாம். நாங்கள் இரண்டு மாற்றிப் பார்த்தோம். 555 புத்தகத்தில் போன காசு இடது பக்கம், வந்த காசு வலது பக்கம் என்று எழுதச் சொன்னேன். இரண்டு மாதம் எழுதினார், பிறகு நோட்டையே காணோம். அடுத்து சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் அவரைக் கேரம் ஆடக் கூப்பிட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான், ஆமாம், பேராசை என்று சொன்ன அதே அண்ணன்தான். சனிக்கிழமை நம்பர் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. புதனும் ஞாயிறும் பழையபடிதான், ஆகவே ஆள் துணை ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

போன மாதம் தாமான் முக்கில் ஒரு லோரி என் மோட்டாரை உரசிவிட்டுப் போனது. முட்டியில் சிராய்ப்பு, கண்ணாடி உடைந்து தொங்கியது. முதல் ஆளாக ஓடிவந்தது மாமாதான். கைத்தாங்கலாக என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார், தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டார், கண் கலங்கியிருந்தது. அப்புறம் மெதுவாக மோட்டாரின் பின்பக்கம் போய்க் குனிந்து பிளேட்டைப் பார்த்தார்.