எக்ஸ்ரே போலரைசேஷனை அளக்க கேஸ் டிடெக்டர்: எங்க இருந்து ஆரம்பிக்கணும்

போலரைசேஷன்னா ஒளியோட மின்புலம் ஒரே திசையில ஆடுறது. ஒரு எக்ஸ்ரே போட்டான் (ஒளித்துகள்) கேஸ் அணுவுல மாட்டுனா எலக்ட்ரான் ஒண்ணு தெறிச்சு வெளிய வரும், போட்டானோட மின்புலம் எந்தத் திசையில ஆடுதோ அந்தப் பக்கம் தெறிக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா கொஞ்ச தூரத்துலயே அது மோதி மோதி திசை மாறிடும், அதனால அது போன தடத்தோட, அதாவது ட்ராக்கோட, ஆரம்பத் துண்டு மட்டும்தான் நமக்கு உண்மை சொல்லும். மொத்த டிசைனும் அந்தத் துண்டைக் காப்பாத்தத்தான். 2021 டிசம்பர்ல நாசாவும் இத்தாலியும் சேர்ந்து அனுப்புன ஐஎக்ஸ்பிஇ-ங்கிற எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியோட டிடெக்டரை வச்சே பாப்போம், அது 2-8 கேஇவி (எக்ஸ்ரே ஆற்றலோட அளவு) எக்ஸ்ரேக்கானது.

ஸ்டெப் 1: கேஸ். அவங்க போட்டது டைமெத்தில் ஈதர், சுமார் 0.8 அட்மாஸ்ஃபியர். தெறிச்ச எலக்ட்ரான் வழியில உதிர்த்த எலக்ட்ரான் கூட்டம் இதுல கீழ நகரும்போது ரொம்பப் பரவாது, ட்ராக் கலங்காம வரும். பிரஷரை ஏத்துனா நிறைய போட்டான் மாட்டும், ஆனா ட்ராக் சுருங்கிடும், இந்த இழுபறி கடைசி வரைக்கும் விடாது.

ஸ்டெப் 2: சேம்பர். மேல 50 மைக்ரான் பெரிலியம் ஜன்னல், உள்ள 10 மி.மீ. கேஸ், அப்புறம் சீல். ஒட்டுற பசையைச் சாதாரணமா நினைக்காதீங்க, எபாக்ஸி இந்த கேஸை உறிஞ்சும், பிரஷர் மெதுவா இறங்கும்.

ஸ்டெப் 3: ஜெம் ஃபாயில். ரெண்டு பக்கமும் காப்பர் பூசுன மெல்லிய தாள், அதுல 50 மைக்ரானுக்கு ஒண்ணா குட்டிக் குட்டி ஓட்டை, வோல்டேஜ் குடுத்தா எலக்ட்ரான் பல மடங்காகும். அதுக்குக் கீழ சிப், 300×352 பிக்சல், அதுதான் ட்ராக்கைப் படமா எடுக்குது.

ஸ்டெப் 4: திசை கண்டுபிடிக்கிறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. எலக்ட்ரான் வேகம் குறையக் குறைய அதிகமா அயனி உண்டாக்கும், அதனால சார்ஜ் குவிஞ்சு கிடக்குற பக்கம் முடிவு, மெலிசா இருக்குற பக்கம்தான் ஆரம்பம். முதல்ல முழு ட்ராக்குக்கும் ஒரு அச்சு போடுங்க, எந்த முனை ஆரம்பம்னு பிரிங்க, பிறகு அந்த முனைப் பிக்சலுக்கு மட்டும் வெயிட் குடுத்து திரும்ப அச்சு போடுங்க.

ஸ்டெப் 5: காலிப்ரேஷன். இரும்பு-55 சோர்ஸ்ல வர்ற 5.9 கேஇவி எக்ஸ்ரேக்கு போலரைசேஷன் கிடையாது, எந்தக் கோணத்துல எத்தனை ட்ராக்னு காட்டுற கோண ஹிஸ்டோகிராம் தட்டையா வரணும், அலை மாதிரி ஏறி இறங்குனா அந்த அலை டிடெக்டரே உண்டாக்குறது, அதைக் கழிக்காம மேல போகாதீங்க. அப்புறம் கிரிஸ்டல்ல 45 டிகிரியில பட்டு வர்ற, கிட்டத்தட்ட முழுசா போலரைஸ் ஆன எக்ஸ்ரேயை விடுங்க, இப்ப தெரியுற அலை சராசரி மட்டத்தோட ஒப்பிட்டா எவ்வளவு விகிதம் உயருதோ அதுதான் மாடுலேஷன் ஃபாக்டர்.

பேக்ரவுண்ட் இல்லைன்னு வச்சுக்கிட்டா, 99% நம்பிக்கையில பிடிக்கக்கூடிய மிகக் குறைஞ்ச போலரைசேஷன் = 4.29 ÷ (ஃபாக்டர் × போட்டான் எண்ணிக்கையோட வர்க்கமூலம்). ஃபாக்டர் 0.3 இருந்தா 1% பிடிக்க சுமார் 20 லட்சம் போட்டான் வேணும், 0.6 ஆனா 5 லட்சம் போதும்.